முன் சக்கரத்தின் வாஷர் உள்ளேயா, வெளியேயா?

பர்மாவின் தாட்டன் ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மகள் பள்ளிக்கூடம் போய்வரும் பழைய ஜப்பான் சைக்கிளில் டியூப் மாற்றுவதற்காக முன் சக்கரத்தைக் கழற்றியிருக்கிறார். கழற்றிய வேகத்தில் நட்டு, வாஷர், மட்கார்டுக் கம்பி, கூடையின் கால் எல்லாம் ஒன்றாகத் தரையில் விழுந்துவிட்டன. எது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. தோன்றியபடி பூட்டிவிட்டார். இப்போது சக்கரம் ஒரு பக்கமாக ஒதுங்கி பிரேக் கட்டையில் உரசுகிறது. பக்கத்தில் ஒருவர், “ஹப்புக்கும் போர்க்குக்கும் நடுவே இடைவெளி தெரிகிறது, உள்பக்கம் ஆளுக்கொரு வாஷர் போடுங்கள், சரியாகிவிடும்” என்றாராம். (ஹப் என்பது சக்கரத்தின் நடு உருளை; போர்க் என்பது அதன் அச்சை இரு பக்கமும் தாங்கும் கவை.) போடலாமா, வரிசை என்ன, எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது கேள்வி.

உள்பக்கம் போடாதீர்கள். போட்டிருந்தால் முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்கள். வாஷரின் இடம் போர்க்கின் வெளிப்புறம், நட்டுக்கு நேர் அடியில்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். காரணம் புரிந்தால் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, எந்த ஊர்ச் சைக்கிள் வந்தாலும் நீங்களே பூட்டிவிடலாம். அச்சு போர்க்கின் பிளவில் உட்கார்ந்திருப்பதால் சக்கரம் நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பிளவு கீழே திறந்துதான் இருக்கிறது. அது எதையும் பிடித்து வைக்காது. போர்க்கின் நுனித் தகட்டை உள்ளேயிருந்து ஹப்பின் லாக் நட்டும் (அச்சில் ஹப்பை ஒட்டியிருக்கும் உள் நட்டு), வெளியேயிருந்து அச்சு நட்டும் நெருக்குகின்றன. அந்த நெருக்கத்தில் பிறக்கும் பிடிதான் சக்கரத்தைத் தாங்குகிறது. கழற்றிய சக்கரத்தைக் கையில் எடுத்து லாக் நட்டின் வெளிமுகத்தை விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலான ஹப்புகளில் அங்கே சன்னமான வரிகள் அரத்தைப் போலச் சொரசொரப்பாக இருக்கும். தகட்டைக் கடிப்பதற்காகவே அவை வெட்டப்பட்டவை. வழவழப்பான ஒரு வாஷரை அந்த இடத்தில் செருகினால் கடி போய்விடுகிறது. வழுக்கும் முகங்கள் ஒன்றுக்கு இரண்டாகின்றன. அந்தத் தம்பி தோன்றியபடி பூட்டியதில் வாஷர் உள்ளே போயிருந்து, சக்கரம் ஒதுங்குவதற்கு இதுவே காரணமாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அப்படியானால் அந்த இடைவெளி? இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்றால் அது குறையே அல்ல. இரும்புப் போர்க் அந்த அளவுக்கு வளைந்து கொடுக்கும். நட்டை முறுக்கும்போது தானாக நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் இருந்தால் அந்தப் போர்க்குக்குரிய ஹப் அதுவல்ல என்று அர்த்தம். இன்று பரவலாக உள்ள முன் ஹப்பின் அகலம் லாக் நட்டுக்கு லாக் நட் 100 மில்லிமீட்டர். பழைய ஆங்கிலேயர் காலத்துச் சைக்கிள்களின் ஹப் சுமார் 91 மில்லிமீட்டர்தான். ஒன்றின் சக்கரத்தை இன்னொன்றில் மாட்டினால் இடைவெளி வராமல் என்ன செய்யும்? அப்போதும் வாஷரைத் தகட்டுக்கும் லாக் நட்டுக்கும் நடுவே அல்ல, கோனுக்கும் (ஹப்பின் பேரிங் குண்டுகளைத் தாங்கும் கூம்பு நட்டு) லாக் நட்டுக்கும் நடுவே, இரு பக்கமும் ஒரே கனத்தில் போட்டு, லாக் நட்டை இறுக்கி, ஹப்பையே அகலமாக்க வேண்டும். அச்சின் நீளமும் அதற்குப் போதுமானதாக இருக்க வேண்டும். இது கடையில் செய்யும் வேலை.

இனி வரிசை. ஹப்பிலிருந்து வெளியே வாருங்கள். முதலில் லாக் நட். பிறகு போர்க்கின் நுனித் தகடு. தகட்டின் வெளிமுகத்தில் கொக்கி வாஷர். அதன்மேல் மட்கார்டுக் கம்பியின் வளையம். அதன்மேல் கூடையின் கால். பிறகு சாதாரண வாஷர். கடைசியில் நட்டு. இரண்டு பக்கமும் இதே. கம்பியையும் கூடைக் காலையும் போர்க்கின் உள்பக்கம் மாட்டியிருப்பதைச் சில வண்டிகளில் பார்க்கிறேன். லாக் நட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் எதுவுமே வரக் கூடாது என்ற ஒன்றை மறக்காமல் இருந்தால் அந்தத் தவறு நேராது.

கொக்கி வாஷரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ரங்கூனில் கைமாறி வரும் சைக்கிள்களில் அடிக்கடி காணாமல் போயிருப்பது அதுதான். வட்டமான வாஷரின் ஓரத்தில் ஒரு சிறு நாக்கு நீண்டு, நுனி மடங்கியிருக்கும். போர்க்கின் நுனியில், பிளவுக்குச் சற்று மேலே ஒரு சிறு துளை இருக்கும். மடங்கிய நாக்கு அந்தத் துளைக்குள் நுழைய வேண்டும். நட்டு எப்போதாவது தளர்ந்துபோனாலும் அச்சு பிளவிலிருந்து உடனே கீழே இறங்கிவிடாமல் தடுப்பது அதன் வேலை. அமெரிக்க அரசின் சைக்கிள் விதிகளில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது: நட்டைத் தளர்த்திய நிலையில் 111 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 11 கிலோ விசையால் இழுத்தாலும் முன் சக்கரம் போர்க்கைவிட்டு வரக் கூடாது. பின் சக்கரம் கழன்றால் செயின் பிடித்துக்கொள்ளும், வண்டி நின்றுவிடும். முன் சக்கரம் கழன்றால் போர்க்கின் நுனி தார்ச்சாலையில் குத்தும், ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலே போய் முகம் குப்புற விழுவார். குழந்தை ஓட்டும் வண்டி என்பதால் கேட்கிறேன்: அந்த இரண்டு கொக்கி வாஷர்களும் தரையில் விழுந்தவற்றில் இருந்தனவா? இல்லையென்றால் வாங்கிப் போடுங்கள். பெரிய விலை அல்ல. நாக்கு துளையில் இறங்காமல் தகட்டின்மேலேயே படுத்திருந்தால் வாஷர் சாய்ந்து நிற்கும். அதன்மேல் முறுக்கினால் நட்டு இறுகியது போலத் தோன்றும், ஒரு வாரத்தில் தளர்ந்துவிடும்.

வெளி வாஷரிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று இரு முகமும் வழவழப்பானது. எப்படிப் போட்டாலும் ஒன்றே. மற்றது ஒரு முகத்தில் பல் வெட்டியது. பல் உள்ள முகம் சக்கரத்தைப் பார்த்து, வழவழப்பான முகம் நட்டைப் பார்த்து இருக்க வேண்டும். நட்டு சுழலும்போது வழவழப்பான முகத்தில் எளிதாக வழுக்கும். பல் முகம் அடியில் இருப்பதைக் கடித்து நகராமல் நிற்கும். வாஷரே இல்லாமல் நட்டை நேராகத் தகட்டின்மேல் முறுக்கினால், சுழலும் நட்டு அச்சையும் தன்னோடு இழுத்துப்போகப் பார்க்கும். நேராக வைத்த சக்கரம் கடைசிச் சுற்றில் கோணிக்கொள்வது இதனால்தான். சில நட்டுகளில் வாஷர் நட்டோடு சேர்ந்தே, தனியாகச் சுழலும்படி இருக்கும். அதற்கு இன்னொரு வாஷர் வேண்டாம்.

ஜப்பான் சைக்கிள்களில் வெளிமுகம் மூடிய குல்லா நட்டுகளும் வருகின்றன. பார்க்க அழகு. ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கூடை உடைந்துபோனதால் அதன் காலைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பப் பூட்டுகிறீர்கள் என்று வையுங்கள். காலின் கனம் குறைந்துவிட்டதால் அச்சின் நுனி அந்த அளவுக்கு அதிகமாக வெளியே நீள்கிறது. குல்லா நட்டை முறுக்கும்போது அதன் உள்கூரை அச்சின் நுனியில் போய் முட்டிவிடும். ஸ்பேனர் நகர மறுக்கும், நீங்கள் இறுகிவிட்டது என்று எழுந்துவிடுவீர்கள். தகட்டின்மேல் ஒரு நெருக்கமும் விழுந்திருக்காது. இறுக்கிய பிறகும் வாஷரை விரலால் சுழற்ற முடிந்தால் நடந்தது இதுதான். இந்த இடத்தில் மட்டும் கூடுதல் வாஷர் போடுவது நியாயம். அதுவும் வெளியேதான்.

அளவு விஷயத்தில்தான் மார்க்கெட்டில் அதிகம் ஏமாறுகிறோம். ஜப்பான் பள்ளிக்கூடச் சைக்கிள்களின் முன் அச்சு பெரும்பாலும் அங்குலக் கணக்கில் 5/16, அதாவது 7.9 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 26 மரை. பின் அச்சு 3/8 அங்குலம், 9.5 மில்லிமீட்டர். முன் நட்டுக்கு 14 ஸ்பேனர், பின் நட்டுக்கு 15 என்பது அந்த வண்டிகளில் வழக்கம். வேறு வண்டிகளில் 8 அல்லது 9 மில்லிமீட்டர் அச்சும் உண்டு, அவற்றின் மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். இரும்புக் கடையில் “8 மில்லிமீட்டர் நட்டு” என்று கேட்டால் வருவது 1.25 மில்லிமீட்டர் மரை. அது இரண்டு சுற்று ஏறி நின்றுவிடும்; ஸ்பேனரால் பலவந்தம் செய்தால் அச்சின் மரையே போய்விடும். இதைவிட மோசமானது 8 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் மரை உள்ள சைக்கிள் நட்டு. 5/16 அச்சில் அது தடையில்லாமல் ஏறிவிடும், சரியாக இருப்பதாகவும் தோன்றும். மரைகள் முழுமையாகப் பொருந்தாததால் பலமாக முறுக்கும்போதோ, பிறகு ஓட்டத்திலோ வழுக்கிவிடும். எனவே கடைக்குப் போகும்போது பழைய நட்டை மட்டுமல்ல, முடிந்தால் சக்கரத்தையே கொண்டுபோங்கள். புது நட்டை வெறும் விரலால் முழு நீளமும் ஏற்றிப் பாருங்கள். ஆடாமலும் சிக்காமலும் போனால் அதுதான் உங்கள் நட்டு.

பூட்டும்போது முதலில் போர்க்கின் நுனித் தகடுகளைத் துடைத்துப் பாருங்கள். பழைய வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்து விற்பது இங்கே சகஜம். பிளவின் உள்விளிம்பில் பெயிண்ட் தடித்துப் போயிருந்தால் அச்சு பிளவின் உச்சிவரை போய் உட்காராது. ஒரு பக்கம் உட்கார்ந்து மறுபக்கம் உட்காராவிட்டால் சக்கரம் கோணும். கேள்வியில் சொன்ன உரசல் அப்படியே வரும். கத்தி முனையால் சுரண்டி எடுத்துவிடுங்கள். லாக் நட் படும் இடத்திலும் பெயிண்ட் தடிமனாக இருக்கக் கூடாது, ஏனென்றால் நெருக்கத்தில் பெயிண்ட் நாளடைவில் நசுங்கும், நசுங்கிய அளவுக்கு நட்டு தளரும்.

அச்சின் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். மரையில் மட்டும். வாஷரின் பல்லிலும் தகட்டிலும் வேண்டாம். மோன் மாநிலத்து மழையைப் பற்றி தாட்டன்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மோல்மேனில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. கிரீஸ் இல்லாமல் பூட்டிய நட்டு மே மாதக் கடைசியில் தொடங்கும் மழை அக்டோபரில் ஓய்வதற்குள் துருவோடு துருவாக ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை டியூப் மாற்றும்போது ஸ்பேனர் நட்டின் முனைகளைத் தின்றுவிடும்.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பூட்டுவதில் தவறில்லை, ஆனால் கடைசி இறுக்கத்தை வண்டியை நிமிர்த்தி, சக்கரம் தரையில் நிற்கும்போதே செய்யுங்கள். இரண்டு நட்டையும் லேசாகத் தளர்த்தி, கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்தினால் அச்சு இரு பக்கமும் பிளவின் உச்சியில் போய் முட்டும். அப்படியே அழுத்தியபடி ஒரு பக்கம் கால் சுற்று, மறுபக்கம் கால் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் கோணல் வரும். முன் அச்சின் இரு நுனியிலும் மரை ஒரே திசைதான். அந்தந்தப் பக்கத்தில் நின்று பார்த்தால் கடிகார முள் போகும் திசையில் இறுகும். பெடலில் இடப்பக்கம் எதிர் மரை இருப்பதால் இங்கேயும் அப்படி இருக்கும் என்று சிலர் எதிர்த்திசையில் முறுக்கி, தளர்த்திவிட்டுப் போகிறார்கள்.

இறுக்கத்தின் அளவு, முன் நட்டுக்கு ஏறக்குறைய 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். அளக்கும் ஸ்பேனர் வீட்டில் இருக்காது. 15 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 15 கிலோ எடையைத் தூக்கும் அளவு இழுத்தால் அந்த அளவு வந்துவிடும். ஸ்பேனரில் குழாயைச் செருகி நீளமாக்கி முறுக்குவது பலசாலித்தனமல்ல, 8 மில்லிமீட்டர் அச்சுக்கு அது எமன். சரிசெய்யும் ஸ்பேனரைவிட அளவு ஸ்பேனரே நல்லது.

இறுக்கியபின் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள். முன்பு இலகுவாகச் சுழன்றது இப்போது கனமாக நின்றால், நட்டோடு அச்சும் சுழன்று கோன் உள்ளே போய்க் குண்டுகளை நெருக்கியிருக்கிறது. முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து, 3/16 அங்குலக் குண்டுகள் இருப்பது வழக்கம். நெருக்கிய கோனோடு ஓட்டினால் கோனின் பாதை குழி விழுந்துவிடும். லாக் நட் சரியாகப் பூட்டப்பட்டிருந்தால் இது நடக்காது. பழைய இங்கிலீஷ் மாதிரிச் சைக்கிள்களில் மட்டும் கவனம் தேவை. அவற்றில் பலவற்றுக்கு லாக் நட்டே கிடையாது. ஒரு பக்கம் அசையாத கோன், மறுபக்கம் சரிசெய்யும் கோன், அதைப் பூட்டுவது போர்க்கும் வெளி நட்டும்தான். சரிசெய்யும் கோன் ஓட்டுபவரின் இடப்பக்கம் வர வேண்டும். நட்டு இறுகும்போது கோனையும் ஒரு மயிரிழை உள்ளே தள்ளும் என்பதால், இறுக்குவதற்கு முன் சக்கரத்தில் மிகக் கொஞ்சம் ஆட்டம் விட்டு வைக்க வேண்டும். மெல்லிய கோன் ஸ்பேனரால் கோனைப் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்கினால் ஒரே தடவையில் சரியாக வரும்.

ஹப்புக்குள்ளேயே டைனமோ உள்ள சக்கரம் என்றால், கழற்றுவதற்கு முன் விளக்குக் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். மாட்டும்போது கம்பி சொருகும் இடம் வலப்பக்கம் வரட்டும்.

சைக்கா, அதாவது பக்கத்தில் இருக்கை பூட்டிய வாடகைச் சைக்கிள், ஓட்டுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ரங்கூன் நகருக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால், சந்து வீதிகளில் இன்றும் சைக்காவுக்கு வேலை இருக்கிறது. தனிச் சைக்கிள் திரும்பும்போது சாய்கிறது. அதனால் பாரம் ஏறக்குறைய சக்கரத்தின் தளத்திலேயே இறங்குகிறது. பக்கத்தில் இரண்டு பேரை முதுகோடு முதுகாக உட்காரவைத்த சைக்காவால் சாய முடியாது. திருப்பத்தில் முன் சக்கரத்தைப் பக்கவாட்டாகத் தள்ளும் விசை முழுவதையும் அச்சும் போர்க்கின் நுனியும் ஏற்கின்றன. சாதாரணச் சைக்கிளுக்கு மாதம் ஒருமுறை நட்டைப் பார்த்தால் போதும் என்றால், சைக்காவுக்குக் காலையில் வண்டி எடுக்குமுன் ஸ்பேனரை வைத்துப் பார்ப்பதே சரி. பல் வாஷரின் பல் மழுங்கிப் பளபளத்துவிட்டால் அதை மாற்றிவிடுங்கள், திருப்பிப் போடாதீர்கள்.

மறுபடியும் அந்தத் தம்பியின் உரசலுக்கு வருகிறேன். உள் வாஷரை எடுத்து, பெயிண்டைச் சுரண்டி, அச்சை இரு பக்கமும் உச்சியில் உட்காரவைத்து இறுக்கிய பிறகும் ரிம் ஒரு பக்கமாகவே நின்றால், குறை சக்கரத்திலா போர்க்கிலா என்று பார்க்க வேண்டும். டைனமோ ஹப் இல்லையென்றால், சக்கரத்தைக் கழற்றி இடவலமாகத் திருப்பி மாட்டுங்கள். ரிம் இப்போது எதிர்ப்பக்கம் ஒதுங்கினால் குறை சக்கரத்தில் இருக்கிறது. ஸ்போக் கம்பிகளைச் சரிசெய்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். திருப்பியும் அதே பக்கமே ஒதுங்கினால் போர்க் வளைந்திருக்கிறது, அல்லது நுனித் தகட்டின் ஒரு பிளவு மற்றதைவிட ஆழமாக இருக்கிறது. எது எப்படியானாலும் ரிம்மை நடுவுக்குக் கொண்டுவருவதற்காக ஒரு பக்கம் மட்டும் வாஷர் சேர்க்க வேண்டாம். இரண்டும் சரியாக இருந்து, ரிம் நடுவில் நின்றும் கட்டை மட்டும் உரசினால், கோணியிருப்பது பிரேக்தான். போர்க்கின் தலையில் பிரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, இரு கட்டைக்கும் ரிம்முக்கும் ஒரே இடைவெளி வரும்படி பிரேக்கைத் திருப்பி, மறுபடி இறுக்கினால் வேலை முடிந்தது. பிறகு மகளிடம் வண்டியைக் கொடுக்குமுன், முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். நட்டருகே ‘டக்’ என்று சத்தம் கேட்டால் இன்னும் கால் சுற்று பாக்கி இருக்கிறது. நாலைந்து நாள் ஓடிய பிறகு அதே 14 ஸ்பேனரால் இரண்டு நட்டையும் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். மட்கார்டுக் கம்பியும் கூடைக் காலும் அதற்குள் அழுந்தி உட்கார்ந்திருக்கும், நட்டு கொஞ்சம் நகரும்.